சங்ககிரி: வரிப்பணம் ஏறிய மலை

சேலத்திலிருந்து ஈரோடு வழியாகக் கோயமுத்தூர் போகும் ரயிலில், வலப்பக்கமோ இடப்பக்கமோ உட்கார்ந்திருந்தாலும் சங்ககிரி மலையைத் தவறவிட முடியாது. சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்கும் பெரும்பாறை அது. கடல் மட்டத்திலிருந்து 2,300 அடிக்கு மேல் உயரம். அதன் ஒரு சரிவில் மட்டும் சாம்பல் நிறக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போவது தெரியும். அவை கோட்டை மதில்கள். ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்னும் ‘சங்கரி துர்க்’ என்றே இருக்கிறது. துர்க்கம் இருக்கிற ஊர் என்பது ரயில் வருவதற்கு முன்பிருந்தே இந்த ஊரின் அடையாளம்.

இன்று சங்ககிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு லாரி நினைவுக்கு வரும். பக்கத்துத் திருச்செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1960களில் இங்கே வந்ததற்குக் காரணம் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். உழைத்துப் பொருள் சேர்க்கிற ஊர்களின் நடுவே, எவரும் குடியிராத கோட்டை ஒன்று மலைமேல் நிற்கிறது. விடுமுறை நாளில் இளைஞர்கள் கூட்டமாக ஏறுகிறார்கள். ‘மர்மக் கோட்டை’ என்று தலைப்பிட்ட காணொளிகளுக்கும் குறைவில்லை. மரணக் கிணறு, சுரங்கப்பாதை, புதையல் என்று சொல்லச் சொல்ல வளரும் கதைகள்.

அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டே ஏறியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மலையில் எனக்குப் பட்ட கேள்வி வேறு. இந்தக் கோட்டைக்குள் இருப்பவை என்னென்ன? பெருமாள் கோயில்கள், ஒரு பள்ளிவாசல், தானியக் களஞ்சியம், சுனைகள், கிணறு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நிர்வாகக் கட்டடங்கள். இவற்றில் எதுவும் ஒரு ராஜா மனைவி மக்களோடு வாழ்ந்த மாளிகை அல்ல. அரண்மனை இல்லாத மலைக்குப் பதினான்கு அடுக்கு மதில் எதற்கு?

மலைக்கோட்டை என்றதும் நம் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் ஐரோப்பியப் படம். ஜெர்மனியில் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் படம் நாள்காட்டிகளிலும் கேக் பெட்டிகளிலும் வந்து நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. பீரங்கிகளின் காலத்தில் எழுந்த அந்தக் கட்டடத்துக்குப் போர் வேலை எதுவும் கிடையாது. தனிமை விரும்பிய ஓர் அரசரின் கனவுக்கு அது வடிவம், அவ்வளவே. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சங்ககிரியில் ஏறினால் ஏமாற்றமே மிஞ்சும். ஏமாந்த மனம் மர்மத்தைத் தேடிக்கொள்கிறது. சங்ககிரியில் கோபுர மாடமோ அந்தப்புரமோ தேட வேண்டியதில்லை. அதைப் புரிந்துகொள்ளப் பேய்க் கதைகளைவிட உதவியாக இருப்பவை வருவாய்க் கணக்குகள்.

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். பெயருக்குக் காரணமாக, மலை சங்கின் வடிவில் இருப்பதை ஊரார் காட்டுவார்கள். மற்றப் பக்கங்களெல்லாம் செங்குத்துப் பாறை. ஏறக்கூடிய சரிவு ஒன்றே. அந்த ஒரு சரிவில்தான் கட்டியவர்களின் உழைப்பெல்லாம் இறங்கியிருக்கிறது. ஒரு வாசலைக் கடந்தால் அடுத்த வாசல் நேர் எதிரே இருக்காது. பாதை திரும்பும், மறுபடி திரும்பும். திரும்பும் இடத்தில் ஏறி வருபவனின் விலாப்புறம் மேல் மதிலில் நிற்பவனுக்குத் திறந்து கிடக்கும். யானையைக் கொண்டு கதவை முட்டவைக்க ஓடுதளம் கிடையாது. கீழ் மதில் விழுந்தாலும் காவலர்கள் அடுத்த மதிலுக்குப் பின்வாங்கிக்கொண்டே போகலாம். பதினான்கு வரிசையும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் தொடங்கிய வேலை மைசூர்க்காரர்கள் காலத்திலும் நடந்து, கடைசி மதில் கம்பெனி ஆட்சியில் முடிந்தது என்பார்கள். நடந்து பார்த்தால் கல் அடுக்கிய முறை ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுவது கண்ணுக்கே தெரிகிறது. சில இடத்தில் பொளிந்த பெருங்கற்கள், சில இடத்தில் கரடுமுரடான சிறு கற்களும் சாந்தும்.

அடிவாரத்தில் மோர் விற்ற அம்மா ஒருவர், “தண்ணி கையோட கொண்டு போயிருங்க கண்ணு. மேல சுனையிருக்குது, குடிக்கறாப்பல இல்ல” என்று சொல்லித்தான் அனுப்பினார். அடிவாரத்திலிருந்து உச்சி 1,300 அடிக்குக் குறையாது. வெயில் ஏறிய பிறகு பாறை கொதிக்கும். அந்த அம்மாவின் எச்சரிக்கையில் கோட்டையின் முழு நெருக்கடியும் அடங்கியிருக்கிறது. மலைக்கோட்டையில் மதிலைவிட முக்கியமானது தண்ணீர். மழை நீரைச் சுனைகளில் தேக்கி, களஞ்சியத்தில் தானியம் நிரப்பி, எதிரி சலித்துப்போய்த் திரும்பும் வரை உள்ளே இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘மரணக் கிணறு’ கதையை எடைபோடலாம். கைதிகளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றார்கள் என்பது கதை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைச் சேர்த்துக் காத்த காவற்படை, தன் குடிநீர்க் கிணற்றில் பிணத்தைப் போடும் என்று நான் நம்பவில்லை. கொடுமைக்கு அஞ்சியவர்கள் அல்லர் அந்தக் காலத்துத் தளபதிகள், தாகத்துக்கு அஞ்சியவர்கள். சுரங்கப்பாதைக் கதையும் அப்படியே. தமிழகத்தில் சுரங்கப்பாதை சொல்லப்படாத கோட்டையே இல்லை. இந்த மலை கருங்கல் மலை. வெடிமருந்து வைத்தே சிரமப்பட்டு உடைக்க வேண்டிய பாறை. உச்சியிலிருந்து அதைக் குடைந்து சமவெளியில் பல மைல் தள்ளி வெளியே வந்திருந்தால், வெட்டியெடுத்த கல்லே இன்னொரு குன்றாகக் கிடக்க வேண்டும்.

இந்த இரண்டு கதைகளும் சோதனையில் நிற்கவில்லை. ஆனால் இதே மலையைச் சுற்றி கொங்கு மக்கள் சொல்லும் வேறொரு கதை உண்டு. அது எத்தனை முறை உரசிப் பார்த்தாலும் நிற்கிறது. இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது அதுதான்.

கொங்குச் சீமையில் வளர்ந்த குழந்தைகள் எல்லாரும் கேட்ட கதை. மைசூர் அதிகாரி ஒருவர் கொங்குப் பகுதியில் வசூலித்த வரிப்பணத்தை ஆட்கள் காவலோடு சங்ககிரிக்குக் கொண்டுபோகிறார். தீர்த்தகிரி என்ற இளைஞர் வழிமறித்துப் பணத்தைப் பறித்து ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார். யார் பறித்ததென்று போய்ச் சொல்வது என்று அதிகாரி கேட்க, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை பறித்ததாகச் சொல் என்கிறார். காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்த தீர்த்தகிரி சர்க்கரை மன்றாடியாருக்குத் தீரன் சின்னமலை என்ற பெயர் நிலைத்த கதை இது.

பெயர் வந்த விதத்தை மட்டும் ரசித்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். கதையில் ஒரு சிறு தகவல் யாரும் கேள்வி கேட்காமல் கிடக்கிறது. பணம் ஏன் சங்ககிரிக்குப் போனது? ஏன் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கோ கோயமுத்தூருக்கோ போகவில்லை?

வரைபடத்தை விரித்து வைத்தால் முதல் விடை கிடைக்கிறது. காங்கயம் வட்டாரத்திலிருந்து வடகிழக்கே காவிரியை நோக்கிப் போகும் பாதை சென்னிமலைப் பக்கமாகத்தான் போகும். சிவன்மலை காங்கயத்தை ஒட்டி இருக்கிறது. ஈரோட்டையோ பவானியையோ அடைந்து ஆற்றைக் கடந்தால் சங்ககிரி. கதையில் வழிப்பறி நடந்த இடம், காங்கயத்துப் பணம் சங்ககிரிக்குப் போகிற வழியில் சரியாக விழுகிறது. பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து கட்டிய கதையென்றால், இடம் இவ்வளவு பொருத்தமாக அமைவது கடினம்.

இரண்டாவது விடைக்கு மைசூர் ஆட்சியின் வருவாய் முறைக்குள் போக வேண்டும். மதுரை நாயக்கர்கள் கையிலிருந்த கொங்குப் பகுதி 17ஆம் நூற்றாண்டில் சிறுகச் சிறுக மைசூர் உடையார்கள் கைக்குப் போனது. தாரமங்கலம் கட்டி முதலிகள் போன்ற உள்ளூர்த் தலைவர்கள் அடங்கிப்போனார்கள். நூற்றாண்டின் இறுதியில் சிக்க தேவராஜ உடையார் காலத்தில் கொங்கு முழுக்க மைசூரின் வருவாய்ப் பகுதி. பிறகு ஹைதர் அலி, அவருக்குப் பின் திப்பு சுல்தான். மைசூர்த் தலைநகரம் மலைகளுக்கு அப்பால் இருந்தது. கசல்ஹட்டி போன்ற கணவாய் வழியாகத்தான் எதுவும் மேலே ஏற வேண்டும். ஊர்தோறும் தவணை தவணையாக வாங்கிய கிஸ்திப் பணத்தை உடனுக்குடன் கணவாய் ஏற்ற முடியாது. நாணயம் கனமானது, வழியெல்லாம் கண்கள். நடுவில் ஓர் இடத்தில் சேர்த்து, எண்ணி, காவலோடு வைத்து, தக்க நேரத்தில் அனுப்ப வேண்டும். தானியமாக வந்த வரிக்குக் களஞ்சியம் வேண்டும். கணக்கு எழுத ஆட்கள் வேண்டும். அவர்களுக்குக் கோயிலும் பள்ளிவாசலும் வேண்டும்.

மலைமேல் நாம் பார்க்கும் கட்டடங்களின் பட்டியல் இதுவே அல்லவா? அரண்மனை இல்லாத கோட்டைக்கு விளக்கம் இங்கே இருக்கிறது. வரிப்பணத்துக்கு ஒரு காவல் வீடு, அதைக் காக்கும் படைக்கு ஒரு தளம். பதினான்கு மதிலும் காத்தது மன்னரின் உடலை அல்ல, குடியானவன் கட்டிய கிஸ்தியை.

மூன்றாவது விடை ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர வேண்டும், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு விடப்பட்ட பகுதிகளை அவற்றின் ஆண்டு வருமானத்தோடு வரிசையாக எழுதிய அட்டவணை அந்த உடன்படிக்கையில் உண்டு. அதில் சேலத்துக்கு எதிரே 24,000 வராகன். நாமக்கல்லுக்கு 16,000. சங்ககிரிக்கு 40,000. இன்று மாவட்டத் தலைநகரங்களாக இருக்கும் சேலத்தையும் நாமக்கல்லையும் கூட்டினால்தான் அன்றைய சங்ககிரி வருகிறது. படிக்கும்போது எனக்கு இந்த ஒரு வரி, மலைமேல் இருக்கும் எல்லாக் கற்களையும்விட அதிகம் பேசியது.

அந்த உடன்படிக்கை கொங்கு நாட்டைக் காவிரியின் நீளத்துக்கு இரண்டாகப் பிளந்ததையும் கவனிக்க வேண்டும். கிழக்கே சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் கம்பெனிக்கு. மேற்கே ஈரோடு, கோயமுத்தூர், காங்கயம், தாராபுரம் திப்புவிடமே தொடர்ந்தன. 1799இல் திப்பு வீழும் வரை ஏழு ஆண்டுகள் காவிரி இரண்டு பகை அரசுகளுக்கு எல்லையாக ஓடியது. ஆற்றுக்கு இரு கரையிலும் இருந்தது ஒரே மக்கள்தான். பழைய கொங்கு நாட்டுப் பிரிவுகளில் பூந்துறை நாட்டின் ஒரு பகுதி கீழ்க்கரைப் பூந்துறை நாடு என்ற பெயரோடு திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்தது. கொள்வினை கொடுப்பினை ஆற்றைக் கடந்து நடந்தது. ஆனால் வரி இரண்டு திசையில் போயிற்று.

வரிப்பணம் பறித்த கதைக்கு இது ஒரு கடுமையான சோதனை. 1792க்குப் பிறகு காங்கயத்து மைசூர் வரி சங்ககிரிக்குப் போயிருக்கவே முடியாது. அது அயல் அரசின் கோட்டை. ஆகவே கதை உண்மையானால் அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். அப்போது தீர்த்தகிரிக்கு வயது முப்பத்தாறுக்குக் கீழ். கதை அவரை இளைஞர் என்றுதான் சொல்கிறது. உடன்படிக்கை அட்டவணையைப் பார்த்திராத பாட்டிகளும் உடுக்கையடிப் பாட்டுக்காரர்களும் ஆண்டும் எல்லையும் பிசகாமல் கதையைக் காத்து வந்திருக்கிறார்கள். நிகழ்ச்சி அப்படியே நடந்தது என்பதற்கு இது சான்று ஆகிவிடாது. ஆனால் மைசூர் ஆட்சிக் காலத்தில் கொங்கின் பணம் எந்த வழியாக எங்கே போயிற்று என்பதை நேரில் கண்டவர்களிடமிருந்து கிளம்பிய கதை இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சின்னமலை மைசூரை எதிர்த்துத் தொடங்கிப் பின்னர் மைசூரோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். இதைச் சிலர் முரண் என்கிறார்கள். சங்ககிரியிலிருந்து பார்த்தால் முரண் தெரியவில்லை. 1792இல் மலையைப் பெற்ற கம்பெனி, பாரமகால் பகுதிக்கும் சேலத்துக்கும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கண்காணிப்பாளராக அனுப்பியது. அவருக்கு உதவியாளர்கள் மூவர்: தாமஸ் மன்றோ, கிரஹாம், மெக்லியாட். நால்வரும் பட்டாளத்துக்காரர்கள். தெற்குப் பகுதி மெக்லியாடிடம் இருந்தது. நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் அரசு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில் இந்தச் சேலம் மண்ணில்தான் உருவெடுத்தது. பின்னாளில் மன்றோ சென்னை மாகாண ஆளுநராகி அதை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரித்தார். இன்றைய பட்டா, சிட்டா நடைமுறையின் வேரைத் தேடினால் இந்த நால்வரின் கூடாரங்களுக்குத்தான் போய்ச் சேருவோம்.

ரயத்துவாரி முறையில் குடியானவனுக்கும் அரசுக்கும் நடுவே இருந்த பட்டக்காரருக்கும் பாளையக்காரருக்கும் இடமில்லை. சின்னமலை பழையகோட்டைப் பட்டக்காரர் மரபைச் சேர்ந்தவர். ஆற்றின் அக்கரையில் ஏழு ஆண்டுகளாக என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மைசூர் அதிகாரி வரியைப் பறித்தான். கம்பெனி அதிகாரியோ வரியோடு, ஊரில் பட்டக்காரருக்கு இருந்த இடத்தையும் சேர்த்துப் பறித்தான். எந்த ஆதாரத்திலும் சின்னமலையின் வாய்ச்சொல்லாக இது பதிவாகவில்லை, என் ஊகம்தான். ஆனால் திப்புவோடு அவர் கைகோத்ததற்கு வெறும் வீர உணர்ச்சி மட்டும் காரணம் என்பதைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோயமுத்தூர்ப் பகுதியும் கம்பெனிக்கு வந்தது. நொய்யல் ஆற்றுக்கு வடக்கே மெக்லியாடும் தெற்கே ஹர்டிஸும் ஆட்சியர்கள் ஆனார்கள். அதாவது சங்ககிரிப் பக்கம் வரி முறையை வகுத்த அதே மெக்லியாட் இப்போது காவிரியைக் கடந்து மேற்கே வந்துவிட்டார். திப்புவோடு நின்ற சின்னமலை ஊர் திரும்பி அரச்சலூருக்கு அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1800 ஜூன் 3 அன்று பாளையக்காரர் கூட்டணி கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டுத் தோற்றது; 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகும் சின்னமலை ஓயவில்லை. 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையோடு மோதியதாகக் கொங்கு வரலாற்று நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. இறுதியில் பெரும் பீரங்கிப் படை ஓடாநிலைக்கு வந்தபோது கோட்டை காலியாக இருந்தது. அதைத் தரைமட்டமாக்கினார்கள். பழனிப் பக்கம் கருமலையில் மறைந்திருந்தவரைச் சமையற்காரர் காட்டிக்கொடுத்தார் என்பது மக்கள் சொல்வது. தம்பிகளோடு பிடிபட்டார்.

அவரைக் கொண்டுபோன இடம் சங்ககிரி.

இந்த முடிவைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். கிளர்ச்சிக்காரர்களைக் கம்பெனி எங்கே தூக்கிலிட்டது என்று பாருங்கள். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே தூக்கிலிட்டார் மேஜர் பானர்மேன். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில், அவர்களுடைய சொந்தச் சீமையிலேயே தூக்கிலிட்டார்கள். 1800 கோயமுத்தூர்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அந்தந்த வட்டாரத்து ஊர்களில். பார்த்தவன் பயப்பட வேண்டும் என்பதே முறை. இந்த வழக்கப்படி சின்னமலை ஓடாநிலையிலோ காங்கயத்திலோ தூக்கிலிடப்பட்டிருக்க வேண்டும். கோயமுத்தூர் 1804 நவம்பர் 24 முதல் ஒருங்கிணைந்த மாவட்டத்தின் தலைநகரமும் ஆகிவிட்டது, அங்கேயாவது நடந்திருக்கலாம். அவரையோ காவிரியைக் கடத்தி, மலையேற்றி, பதினான்கு மதிலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

காரணம் அச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேற்குக் கரை கம்பெனிக்குப் புதிது. ஆறு வருடம் ஆகியும் அடங்காத மண். சங்ககிரியோ பதின்மூன்று ஆண்டுகளாகக் கையிலிருந்த இடம். படை உண்டு, ஏறி வர ஒரே வழி. வழியில் மீட்டுக்கொண்டு போக யாராவது திரண்டு வந்தாலும் மலைமேல் வர முடியாது. மக்கள் பார்த்துப் பயப்படுவதைவிட மக்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று ஓர் அரசு நினைக்கிறதென்றால், கயத்தாற்றில் அதற்கு இருந்த தன்னம்பிக்கை கொங்கில் இல்லை என்று பொருள். மறு ஆண்டு, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது அந்த அச்சம் வீண் அச்சமல்ல என்று தெரிந்துவிட்டது.

இப்படிப் பார்க்கும்போது சின்னமலையின் வாழ்க்கை இரண்டு முறை இந்த மலையைத் தொடுகிறது. முதல் முறை அவர் சங்ககிரிக்குப் போகும் பணத்தைப் போகவிடாமல் தடுத்தார். இரண்டாம் முறை அவரையே சங்ககிரிக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பணத்தின் சொந்தக்காரர் மைசூர், பின்னால் கம்பெனி. மலையும் களஞ்சியமும் மாறவில்லை. ‘மர்மம்’ என்ற பெயரால் இந்தக் கோட்டையைப் பேய்க்கதை ஆக்குகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். யார் யாருடைய உழைப்பை இந்த மலைமேல் ஏற்றினார்கள், அதைத் தடுத்தவனுக்கு என்ன ஆயிற்று என்ற நேரான வரலாறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கிணற்றுக்குள் எட்டிப்பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அறிவிப்புப் பலகை உண்டு. ஆனால் பலகைகளைவிட இந்த மலையை உயிரோடு வைத்திருப்பது வழிபாடு. உச்சியில் இருக்கும் சென்னகேசவப் பெருமாள் சித்திரைத் தேர்த் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வருகிறார். விழா முடிந்து மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எதிரியைத் தடுக்கக் கட்டிய திருப்பங்களில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பராமரிப்பில்லாமல் பாதை சிதைந்த இடங்களை அந்தத் தோள்கள் அறியும். மதில்களைக் கட்டிய காலவாரியாகப் பிரித்து, அளந்து, வரைந்து, எந்த வாசலில் என்ன நடந்தது என்று ஏறுகிறவர்களுக்குத் தமிழில் சொல்லும் ஒரு நல்ல வழிகாட்டி நூல் இந்தக் கோட்டைக்கு வேண்டும். கொங்குக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஊர் ஊராகத் தேடிப் பதிப்பித்த புலவர் செ. இராசு போன்றவர்கள் போட்டுக்கொடுத்த பாதை இருக்கும்போது, அது செய்ய முடியாத வேலை அல்ல.

கடைசியாகத் தேதி. சின்னமலை தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31 என்று நூல்கள் சொல்கின்றன. 2005 ஜூலை 31 அன்று அவர் நினைவாக அஞ்சல் தலையும் வெளியானது. மக்களோ ஆடிப் பதினெட்டு என்கிறார்கள். இப்போது ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வருகிறது. இரண்டில் ஒன்று தவறு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு எதிலும் இல்லை. நம் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு, ஆங்கில நாட்காட்டி ஆண்டைவிட ஏறக்குறைய 23 நிமிடம் நீளமானது. அறுபது சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ்த் தேதி ஆங்கிலத் தேதியில் பின்னால் நகர்கிறது. சூரிய சித்தாந்தக் கணக்கின்படி 1805ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு சித்திரை முதல் நாள் ஏப்ரல் 11, ஆடி முதல் நாள் ஜூலை 14. அங்கிருந்து எண்ணினால் ஆடிப் பதினெட்டு ஜூலை 31, புதன்கிழமை. காவிரிக் கரை முழுக்கப் பெண்கள் புதுத் தாலிக் கயிறு மாற்றி, முளைப்பாரியும் காதோலை கருகமணியும் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த நாள் அது. ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இருந்த மலையில் நடந்ததை எந்த நாளோடு சேர்த்து நினைவில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.